யுத்தமும் சமாதானமும் ஒரு பத்திரிகைக்கு வைத்த பரீட்சை

மொரப்பூரில் புறப்பட்டு, தருமபுரியைத் தொட்டு, ஓசூர்வரை ஒருகாலத்தில் ஓடிக்கொண்டிருந்த குறுகிய பாதை இரயிலை இரண்டாம் உலக மகாயுத்தத்தின் நடுவே, 1941-ஆம் ஆண்டில், நிறுத்தித் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். அன்றைய சேலம் ஜில்லாவின் வடகோடியில் இருந்த இந்தத் தாலுகாக்களுக்குச் சென்னைப் பட்டணத்துத் தபாலும் பத்திரிகைக் கட்டுகளும் வந்துசேர, அதன் பிறகு, பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் திணறித் திணறி ஓடிய பஸ்களே கதியாயின. யுத்தம் என்பது போர்க்களத்தில் மட்டும் நிகழ்வதன்று, கடைக்கோடிக் கிராமத்தில் ஒருவன் உரக்கப் படிக்க நாலுபேர் சூழ்ந்து கேட்கும் பத்திரிகைத்தாளின்மீதும் அது நிகழ்கிறது என்பதற்கு நம் மாவட்டத்தின் கண்முன்னே நின்ற சாட்சி அது. ஆனால் வழியை இழந்த பத்திரிகை வேறு வழியில் வந்துவிடலாம். தன் புத்தியை இழந்த பத்திரிகை எந்த வழியில் வந்தும் பயனில்லை. ஏழை எளியவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிப் பிறந்த பத்திரிகைகள் யுத்த காலத்திலும் அதற்குப் பின்னும் இவ்விரண்டு ஆபத்துகளையும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதைத் தமிழ்நாட்டின் அனுபவத்தை முன்வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்திரிகை நடத்திச் சிறைக்குப் போவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கனவு கண்டு, அங்கேயே 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி கண்மூடிய சுப்பிரமணிய சிவா, 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யோடு நின்று சிறை ஏகியவர். விடுதலையான பின், உடலெல்லாம் தொழுநோய் அரிக்க, 1913-இல் அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று ‘ஞானபாநு’ என்ற பத்திரிகையைத் தொடங்கியதே. அவரை அபேதவாதி (சோஷலிஸ்ட்) என்று சொல்ல முடியாது. எனினும், கூலிக்காரனின் வேலைநிறுத்தமும் பத்திரிகாசிரியனின் பேனாவும் ஒரே வாழ்க்கையில் சந்தித்த தமிழ்நாட்டு உதாரணங்களில் அவர் மிக முந்தியவர்.

அவருக்குப் பின் அந்தச் சந்திப்பைக் கொள்கையாகவே வகுத்துக்கொண்டவர் சிங்காரவேலர். 1923 மே முதல் தேதியன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை நிறுவிய அவர், ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகையும் தமிழில் ‘தொழிலாளன்’ என்ற பத்திரிகையும் வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்துப் பெரியாரின் ‘குடி அரசு’ அதே பாதையில் சற்றுத் தூரம் நடந்தது. அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று 1933-இல் எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியாரும், பத்திரிகையை வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய சகோதரி கண்ணம்மாளும் சிறை சென்றனர். பகத் சிங் நாத்திகம் குறித்து எழுதிய சிறு நூலைத் தமிழாக்கியதற்காக, ஜீவா எனப்பட்ட ஜீவானந்தமும், அதைப் பிரசுரித்ததற்காக ஈ.வெ. கிருஷ்ணசாமியும் 1935-இல் கைதாயினர். சுயமரியாதை இயக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அபேதவாதப் பிரசாரத்தைச் சிறிது ஒதுக்கிவைக்க வேண்டும் என்று பெரியார் முடிவு செய்தபோது, அதை ஏற்க மாட்டாமல் விலகியவர்களில் முதன்மையானவர் ஜீவா. பத்திரிகை உயிரோடு இருப்பது முக்கியமா, அது சொல்ல வந்ததைச் சொல்வது முக்கியமா என்ற கேள்வி, ஆக, யுத்தத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் எழுந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடையாக 1937 நவம்பர் 6-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ஜனசக்தி’ வார இதழாகப் புறப்பட்டது. காங்கிரஸுக்குள்ளேயே இயங்கிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியின் குரலாக, ஜீவாவை ஆசிரியராகக் கொண்டு அது வெளிவந்த காலத்தில் மாகாணத்தின் பிரதம மந்திரி நாற்காலியில் அமர்ந்திருந்தவர், நம் பழைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. பத்திரிகை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னர்தான், பாட்லிவாலா என்ற சோஷலிஸ்ட் தலைவரை, ராஜத்துரோகச் சட்டத்தின்கீழ் ராஜாஜியின் அரசாங்கம் கைது செய்திருந்தது. எந்தச் சட்டத்தைக் காட்டித் திலகரையும் காந்தியையும் வெள்ளையர் சிறைவைத்தார்களோ அதே சட்டத்தைக் காங்கிரஸ் மந்திரிசபை தன் காங்கிரஸ்காரர்மீதே பிரயோகித்தது கண்டு நாடே திகைத்தது. தன் சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அதை எதிர்த்து எழுதும் கடமையோடு பிறந்த பத்திரிகை ‘ஜனசக்தி’. அந்தத் தொடக்க காலத்து நிலையில் அதற்கிருந்த சுதந்திரம் பிற்காலத்தில் அதற்கு எப்போதும் வாய்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வந்தது. இந்தியரை ஒரு வார்த்தை கேளாமல் இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் அறிவித்தார். இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் பிறந்தன. ஏற்கெனவே இருந்த 1931-ஆம் ஆண்டின் பத்திரிகை அவசரச் சட்டம் அவற்றுக்குத் துணை நின்றது. இந்தச் சட்டம் வேலை செய்த விதத்தை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் கூர்மை விளங்கும். அது ஆசிரியரைத் தேடிப் போவதற்கு முன் அச்சகத்துக்காரரைத் தேடிப் போகும். நடந்துகொண்டிருக்கும் அச்சகம் ஒன்றிடம் 500 ரூபாயிலிருந்து 3000 ரூபாய்வரை ஜாமீன் கட்டச் சொல்லலாம். அச்சிட்ட ஒரு வரி ஆட்சேபகரமானது என்று சர்க்கார் கருதினால் அந்தத் தொகை பறிமுதலாகும். மறுபடி தொழில் நடத்த வேண்டுமானால் அதைவிடப் பெரிய தொகை கட்ட வேண்டும். நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் காலம் தள்ளும் டிரெடில் அச்சகத்து முதலாளி, ஸ்டிக்கில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் கூலிக்கே கடன் வாங்குகிறவர், இந்த அபாயத்தை எப்படித் தாங்குவார்? ஆகவே நீதிமன்றம் போகாமலே, ஆசிரியரைக் கைது செய்யாமலே, அச்சகத்துக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்வதன் மூலமாகவே பத்திரிகைகள் செத்தன. மலையாளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் நடத்திய ‘பிரபாதம்’ 2000 ரூபாய் ஜாமீன் கட்ட முடியாமல் நின்றது. ‘ஜனசக்தி’யும் நின்றது. பி. ராமமூர்த்தியும் மோகன் குமாரமங்கலமும் இன்னும் பலரும் சென்னைச் சதி வழக்கில் சிக்கினர். ஜீவா மாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பத்திரிகை இல்லாத இடத்தில் இரகசியத் துண்டறிக்கை முளைத்தது.

இதுவரையில் கதை நேரானது. அடக்கியவர் யார், அடக்கப்பட்டவர் யார் என்பதில் மயக்கம் இல்லை. மயக்கம் 1941 ஜூன் 22-ஆம் தேதி, ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தபோது தொடங்கியது. நேற்றுவரை ஏகாதிபத்திய யுத்தம் என்று கண்டிக்கப்பட்டது, சில மாத வாதப் பிரதிவாதத்துக்குப் பின், மக்கள் யுத்தமாயிற்று. 1942 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியின்மீதிருந்த தடையைச் சர்க்கார் நீக்கியது. அடுத்த மாதமே ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானமும், காந்தி முதலான தலைவர்களின் கைதும், நாடெங்கும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தன. அந்த ஆகஸ்டில் பத்திரிகையுலகம் கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் வியப்புத் தோன்றும். காந்தியின் ‘ஹரிஜன்’ தடை செய்யப்பட்டது. தணிக்கைக்கு உட்பட்டு எழுத மாட்டோம் என்று ராம்நாத் கோயங்கா தம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸை’ நிறுத்தினார். அதே பருவத்தில், செப்டம்பரில், கோழிக்கோட்டில் ‘தேசாபிமானி’ பிறந்தது. சென்னையில் ‘ஜனசக்தி’ மறுபிறவி எடுத்தது. லட்சாதிபதியின் பத்திரிகை மௌனம் காத்து எதிர்ப்புக் காட்ட, தொழிலாளியின் பத்திரிகை அனுமதியோடு பேசத் தொடங்கிய விசித்திரம் அது.

பாசிசம் வென்றால் உலகத்தின் கதி என்னவாகும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யென்று சொல்ல முடியாது. பின்னால் தெரியவந்த கொடுமைகள் அந்த அச்சம் குறைவானது என்றே நிரூபித்தன. துரோகம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஆனால் கேள்வி வேறு. யுத்தம் பற்றிய அந்த மதிப்பீட்டை அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு, இந்த ஊர் நூற்பாலை வாசலிலும் இந்த ஊர் வரப்பிலும் நின்று, தானே கணித்து எழுதியதா, அல்லது தொலைதூரத் தலைமையகங்களில் முடிவானதைத் தமிழில் எழுதியதா என்பதே கேள்வி. முதலாவதைச் செய்திருந்தால் பாசிசத்தையும் எதிர்த்திருக்கலாம், ஆகஸ்ட் கைதிகளின் சார்பிலும் முழக்கமிட்டிருக்கலாம், இரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை வாசகனிடம் மறைக்காமல் வைத்திருக்கலாம். இரண்டாவது, சுதந்திரத்தைத் தானே ஒப்படைப்பதாகும். சர்க்கார் பறித்த சுதந்திரத்தைப் பத்திரிகைகள் போராடி மீட்டன; தாமே ஒப்படைத்த சுதந்திரத்தை மீட்பது எளிதாக இருக்கவில்லை.

ஆயினும் அந்த ஆண்டுகளை வெறும் நஷ்டக் கணக்காக எழுதுவது அநியாயம். 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டபோது, தணிக்கைக்கு அஞ்சிப் பெரும் பத்திரிகைகள் தயங்கிய நேரத்தில், கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை அந்த ஆகஸ்டில் புகைப்படங்களை வெளியிட்டு உலகத்தை உலுக்கியது. மறுபுறம், பி.சி. ஜோஷி தலைமையில் பம்பாயிலிருந்து வந்த ‘மக்கள் யுத்தம்’ வார இதழின் சார்பில் ஓவியர் சித்தப்பிரசாத்தும் புகைப்படக்காரர் சுனில் ஜானாவும் பஞ்சப் பிரதேசங்களில் நேரில் அலைந்து, பட்டினியின் முகத்தைப் பத்திரிகைத்தாளில் பதித்தனர். சித்தப்பிரசாத்தின் பஞ்ச நூலைச் சர்க்கார் பறிமுதல் செய்து அழித்தது. இங்கே ஒரு பாடம் இருக்கிறது. அதே பத்திரிகை தலையங்கத்தில் கட்சியின் நிலையைச் சொன்னபோது வாசகர்கள் சந்தேகித்தார்கள். கண்ணால் கண்ட பசியைச் சொன்னபோது ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சுதந்திரம் தலையங்கப் பக்கத்தில் இல்லாத நாட்களிலும் நிருபரின் கால்களில் அது உயிரோடு இருக்க முடிகிறது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் ஒப்புமை உதவும். ‘ஜனசக்தி’ பிறந்த அதே 1937-ஆம் ஆண்டின் முதல் தேதியில் லண்டனில் ‘டிரிப்யூன்’ என்ற அபேதவாத வார இதழ் பிறந்தது. ஸ்டாஃபோர்டு கிரிப்ஸும் ஜார்ஜ் ஸ்ட்ராஸும் பணம் போட்டார்கள். யுத்தம் தொடங்கியபோது அதுவும் மாஸ்கோவின் நிலையை ஒட்டியே எழுதிற்று. ஆனால் 1940-இல் அதை நடத்தியவர்களே ஆசிரியரை மாற்றி, பத்திரிகையைத் தம் சொந்தக் காலில் நிறுத்தினார்கள். அனூரின் பெவன் பொறுப்பேற்ற காலத்தில், குண்டு விழுந்துகொண்டிருந்த தேசத்திலேயே சர்ச்சிலின் யுத்த நிர்வாகத்தை அது கடுமையாகக் கண்டித்தது. பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1943 நவம்பர் முதல் அதன் இலக்கிய ஆசிரியரானார். 1944-இல் வார்ஸா நகரத்தார் நாஜிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, சோவியத் நட்புக்காக அவர்களைக் கைவிடத் துணிந்த இடதுசாரிப் பத்திரிகைகளை அந்த இதழிலேயே அவர் சாடினார். பாசிசத்தை எதிர்ப்பதும் ஸ்டாலினைக் கேள்வி கேட்பதும் ஒரே பத்திரிகையில் சாத்தியம் என்று ‘டிரிப்யூன்’ காட்டிற்று. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஜாமீன் சட்டமும் நாடு கடத்தலும் பெவனின் தலைமேல் தொங்கவில்லை. தன் தேசத்தில் சகித்துக்கொண்டதை அதே சாம்ராஜ்யம் நம் தேசத்தில் நசுக்கியது. ஆயினும் 1941 ஜனவரியில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளின் ‘டெய்லி வொர்க்கர்’ தடை செய்யப்பட்டதையும் மறக்கலாகாது. லண்டனிலும் சகிப்புக்கு ஓர் எல்லை இருந்தது.

சமாதானம் வந்தபின் வந்த பரீட்சை இதைவிடக் கடினமானது. வெள்ளையன் போனான், ஜாமீன் கேட்ட கோப்புகள் போகவில்லை. 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் புரட்சிப் பாதையை வகுத்துக்கொண்டது ஒரு பெரும் தவறு. அதற்கு விடையாகச் சுதந்திர இந்தியாவின் அரசாங்கங்கள் வெள்ளையனின் ஆயுதங்களையே எடுத்து வீசியது இன்னொரு பெரும் தவறு. ‘ஜனசக்தி’ மீண்டும் அடைபட்டது, தொண்டர்கள் தலைமறைவாயினர். அந்நாளில் சிறுவனாக அந்தக் கட்சியின் சென்னைக் கம்யூனில் வளர்ந்து, ‘ஜனசக்தி’ அச்சகத்தில் தொழில் கற்றுக்கொண்ட ஜெயகாந்தன், தடை வந்ததும் தஞ்சாவூர் சென்று செருப்புக்கடையில் வேலை பார்த்தார் என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

நம் ஜில்லாவின் மீது விழுந்த கறை அதற்குப் பின் வந்தது. 1950 ஜனவரி 26-இல் குடியரசு பிறந்தது; அடிப்படை உரிமைகள் எழுத்தில் ஏறிய மை காய்வதற்குள், பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 பேர் மாண்டனர். அடுத்த பதினெட்டாம் நாள், மார்ச் முதல் தேதி, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில இடதுசாரி வார இதழ் சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவே கூடாது என்று பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் தடை விதித்தது. தாப்பர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். மே 26-ஆம் தேதி, தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தத் தடையை ரத்து செய்தது. பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சுரிமையைத் தட்டிப் பறிக்க அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்றது. அதே நாளில் அதே நீதிமன்றம், இதற்கு நேர் எதிரான கொள்கை கொண்ட தில்லி ‘ஆர்கனைசர்’ இதழின்மீது விதித்த முன்தணிக்கையையும் ரத்து செய்தது. இடதும் வலதும் தம்முள் என்ன பகை கொண்டிருந்தாலும் பத்திரிகை உரிமை என்று வரும்போது ஒரே கூரையின்கீழ்தான் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1951 ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற வாசகத்தைச் சட்டத்தில் புகுத்தியது. ‘நியாயமான’ கட்டுப்பாடு என்ற ஒரு நிபந்தனையும் அத்தோடு சேர்ந்தது ஒன்றே ஆறுதல்.

அரசாங்கத்தை எதிர்த்து நிற்கும் சுதந்திரத்தின் வரலாறு இவ்வாறிருக்க, முதலாளியை எதிர்த்து நிற்கும் சுதந்திரத்துக்கும் அக்காலத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1943-இல் ‘தினமணி’யின் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம், நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் விலகியபோது புதுமைப்பித்தன் உள்ளிட்ட சகாக்களும் அவரோடு வெளியேறினர். மறு ஆண்டு ‘தினசரி’ பிறந்தது. அது நெடுங்காலம் வாழவில்லை. சொந்தக் கட்சியை எதிர்த்து நிற்கும் சுதந்திரத்தின் உதாரணம் அதைவிடச் சோகமானது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வ. விஜயபாஸ்கரன், 1955 முதல் ‘சரஸ்வதி’ என்ற இலக்கிய இதழைத் தம் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். ஜெயகாந்தனும் சுந்தர ராமசாமியும் அங்கே எழுதினார்கள். ‘ஒரு புளியமரத்தின் கதை’ அதில் தொடராகத் தொடங்கியது. கொள்கையில் சார்பு, கலையில் சுதந்திரம் என்ற அந்த வழி கட்சிக்குள் பலருக்கு உவப்பாக இல்லை. கட்சியின் ஆதரவோடு ஜீவாவின் ‘தாமரை’ வந்தபின் ‘சரஸ்வதி’ நலிந்து 1962-இல் நின்றது. ‘தாமரை’யின் பணி பெரிது, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் ஒருசேர வாழ இடமில்லாமற்போனது யாருக்கு நஷ்டம்? 1963-இல் ஜீவா மறைந்தார். 1964-இல் கட்சி பிளந்தது. பிளவுக்கு முந்திய ஆண்டிலேயே மாற்றுக் கருத்துடையோர் ‘தீக்கதிர்’ என்ற தனி இதழ் கண்டுவிட்டனர் என்பதிலிருந்தே, மாறுபட்ட அபிப்பிராயத்துக்கு ஒரே பத்திரிகையின் பக்கங்களில் இடம் இல்லை என்ற உண்மை விளங்கும். கருத்து வேற்றுமைக்குப் பத்தி ஒதுக்காத பத்திரிகை, நாளடைவில் அதற்காகத் தனிப் பத்திரிகையையே எதிரில் காண நேரும்.

இவ்வளவும் பழங்கதை என்று ஒதுக்கலாமா? தருமபுரி 1965-இல் தனி மாவட்டமாயிற்று. இன்று செய்தி வர இரயில் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். ஜாமீன் தொகை கேட்டு ஓலை வருவதும் இல்லை. ஆனால் பழைய 3000 ரூபாய் ஜாமீன் செய்த வேலையை இன்று அரசு விளம்பரம் செய்கிறது. கொடுத்தால் வாழலாம், நிறுத்தினால் சாகலாம் என்ற நிலையிலுள்ள சிறு பத்திரிகைகள் எத்தனை என்பதை மாவட்டத் தலைநகரங்களில் பத்திரிகைத் தொழில் செய்வோரைக் கேட்டால் சொல்வார்கள். தம் கட்சி ஆளும்போது வாய்மூடி, எதிர்க்கட்சி ஆளும்போது வாய்திறக்கும் கட்சிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எல்லா வர்ணத்திலும் பெருகிவிட்டன. குடிநீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பும் பல்லும் கெடும் கிராமங்களைப் பற்றியும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு கூலிக்குப் போகும் இளைஞர்களைப் பற்றியும் நேரில் நடந்துபோய் எழுதும் நிருபருக்குச் சம்பளம் தரும் பத்திரிகை எது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, நான் வற்புறுத்துவது மூன்று காரியங்கள். ‘ஜனசக்தி’ முதலான இதழ்களின் யுத்த காலத்துப் பிரதிகள், கிடைத்தவரை, மாவட்ட மைய நூலகங்களில் ஒளிப்படமாகவேனும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தம் முன்னோரின் தைரியத்தையும் தடுமாற்றத்தையும் ஒருசேரப் படித்துப் பார்க்கும் உரிமை இளைஞர்களுக்கு உண்டு. அடுத்தது, கொள்கைப் பத்திரிகை நடத்துவோர், தம் ஸ்தாபனத்தின் முடிவை எதிர்த்துத் தம் தோழரே எழுதும் கட்டுரைக்கு இதழ்தோறும் ஓரிடம் ஒதுக்க வேண்டும். அதை வெளியிடும் துணிவு வராதவரையில், அரசாங்கத்தை எதிர்த்து எழுதும் துணிவுக்கு முழு மதிப்புக் கிட்டாது. மூன்றாவது வாசகனின் கடமை: சந்தா கட்டாத வாசகன் பத்திரிகையிடம் சுதந்திரத்தை எதிர்பார்க்க உரிமையற்றவன். அரசாங்கமோ முதலாளியோ கட்சியோ செலவுக்குப் பணம் கொடுக்கும் பத்திரிகை, கொடுத்தவருக்கே விசுவாசமாயிருக்கும். வாசகன் கொடுத்தால் மட்டுமே அது வாசகனுக்கு விசுவாசமாயிருக்கும். யுத்தம் வந்தாலும், சமாதானம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறியதில்லை.